மலை விட்ட வழி: பாலக்காட்டுக் கணவாயும் கொங்கு நாடும்

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்போல் நிற்கிறது. அதிலுள்ள மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத் தாழ்நிலம். இருபுறமும் 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் இருந்தும், கணவாயின் தரை சில நூறு மீட்டர் உயரமே உள்ளது. பொதி மாடும் வண்டியும் மலையேறாமல் கடக்க முடிந்த இந்த வழிதான் கொங்கு நாட்டின் வரலாற்றை வகுத்தது.

சங்க காலத்தில் மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தையும் உள்நாட்டுக் கருவூரையும் இணைத்த வணிகம் இவ்வழியே நடந்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அதன் முக்கிய நிறுத்தம். அங்கு நடந்த அகழாய்வில் சூதுபவள மணிகள், துளையிடாதவை, மெருகேற்றாதவை எனச் செய்பணியின் பல நிலைகளில் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், தமிழி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் இவ்வணிகத்தின் மறுமுனையைக் காட்டுகின்றன. சோழர் காலத்திலும் பாதையின் மதிப்பு குறையவில்லை. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்க் கல்வெட்டு அதை இராசகேசரிப் பெருவழி என்று குறிக்கிறது.

வணிகர் வந்த வழியில் படைகளும் வந்தன. மலபாரைப் பிடித்த ஹைதர் அலி, கணவாயைக் கையில் வைத்திருக்க 1766-ல் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டினார். 1790-ல் அது ஆங்கிலேயர் வசமானது. 1862-ல் சென்னையிலிருந்து பேப்பூர் வரையிலான இருப்புப்பாதையும் இந்த இடைவெளி வழியாகவே முழுமை பெற்றது.

பின்னர் மனிதர் நிலத்தை மாற்றத் தொடங்கினர். கரிசலில் விளைந்த பருத்தியை நம்பி 1888-ல் கோவையில் நூற்பாலை எழுந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் மேற்கே ஓடிய ஆற்று நீரைச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பியது. வறண்ட பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்கள் பாசனம் பெற்றன.

அதே வளர்ச்சிக்கு நொய்யல் விலை கொடுத்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியிருந்த நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. சாய ஆலைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கணவாயைக் கொடுத்தது இயற்கை. நொய்யலைக் கெடுத்தது மனிதர். அதை மீட்கும் கடமையும் அவர்களுடையதே.