செத்தால் யார் கணக்கு?



ஆர்.கே.பேட்டை வட்டாரத்து விவசாயிகளுக்கு ஆடு, மாட்டை வாரத்துக்கு விடுவது பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஒருத்தருடையது, உழைப்பு இன்னொருத்தருடையது. ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆனால் ஒரு ஆடு செத்துப்போச்சு என்று வையுங்கள். அது யார் கணக்கு? அங்கேதான் தகராறு.

இந்தக் கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம முன்னோர் பதில் வைத்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-இல் நிறைவு செய்தார். அங்கே அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 பெண் ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பசுவுக்கு 2 ஆடு, ஒரு எருமைக்கு 6 ஆடு. இவற்றை இடையர்களிடம் விட்டார்கள். தினம் ஒரு உழக்கு நெய், அதாவது கால் நாழி, கோயிலுக்கு அளக்க வேண்டும். இடையர் பெயரோடு அவருடைய உறவினர் பெயரையும் பொறுப்பாகச் சேர்த்துக் கல்லில் வெட்டினார்கள்.

இப்படி விட்ட ஆட்டுக்குக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத ஆடு உண்டா? கிடையாது. கிழடும் செத்ததும் போனால், பிறந்த குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும் என்பதே பொருள். பெருகினால் பலன் மேய்ப்பவருக்கு, குறைந்தால் ஈடு கட்டுவதும் அவரே.

இதற்கு நேர்மாறான ஒப்பந்தமும் நம்ம நாட்டில் நடந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர்கள் அரபு நாட்டுப் பக்கமிருந்து கப்பலில் குதிரை வாங்கினார்கள். ஒரு குதிரை 220 பொன் தினார் விலை என்றும், வழியில் செத்த குதிரைக்கும் அரசரே பணம் தந்தார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். வந்த குதிரைகளும் சரியான பராமரிப்பு இல்லாமல் மடிந்தன என்கிறார் மார்க்கோ போலோ. ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம். செத்தாலும் விற்றவருக்குக் காசு வந்துவிடும். அப்புறம் அவருக்கு என்ன கவலை?

அப்படியானால் நஷ்டம் முழுவதையும் வளர்ப்பவர் தலையில் கட்டலாமா? அதுவும் கூடாதுங்க. 96 ஆட்டில் ஒன்று போனால் குட்டி ஈடு கட்டும். வாரத்துக்குப் பிடித்த இரண்டு ஆட்டில் ஒன்று போனால் அந்தக் குடும்பம் எதை வைத்து ஈடு கட்டும்?

ஆகவே ஆட்டைக் கைமாற்றும் அன்றைக்கே இரண்டு சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவால் போனால் வளர்ப்பவர் பொறுப்பு. நோயால் போனால் முதல் போட்டவர் பொறுப்பு. தடுப்பூசி, மருந்துச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். கால்நடை மருந்தகத்தில் விசாரித்து இன்சூரன்ஸ் செய்து, காதில் போட்ட வில்லையைப் பத்திரமாகப் பாருங்கள். ஆடு இறந்தால் புதைக்கும் முன் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கல்லில் வெட்ட வேண்டாம், ஒரு தாளில் எழுதினால் போதும். உறவும் கெடாது, ஆடும் பெருகும்.