சோறூட்டலும் சொல்லூட்டலும்

தாலாட்டு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதன் முதற்பகுதியாகிய 'தால்' யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தால் என்பது நாக்கு. தாய் தன் நாவை அசைத்து இசைப்பதால் தாலாட்டு என்று பெயர் வந்தது என அறிஞர் பொருள் உரைப்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், நாவைச் சுட்டும் இத்தகைய பெயரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் தேடிக் கண்டதில்லை. உண்பதும் நாவே, உரைப்பதும் நாவே. குழந்தைக்கு உணவு ஊட்டுவதையும் மொழி ஊட்டுவதையும் நம் முன்னோர் இரண்டு தனி வேலைகளாகக் கருதவில்லை என்பதற்கு இலக்கியத்தில் சான்றுகள் நிரம்ப உள்ளன.

புறநானூற்றின் 188-ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. நாடாளும் வேந்தன், தளர்நடையிட்டு வந்து உண்கலத்தில் கையிடும் குழந்தையைப் பாடுகிறான். அக்குழந்தை நெய்ச்சோற்றைத் தொடுகிறது, வாயிற் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, மேனியெல்லாம் பூசிக்கொள்கிறது. அதைத் தடுப்பார் எவரையும் அப்பாட்டிற் காணோம். அத்தகைய மக்களை இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்றே அரசன் முடிக்கிறான். திருவள்ளுவரும் மக்கட்பேற்று அதிகாரத்தில், பிள்ளையின் சிறுகை அளாவிய கூழின் இனிமையை 64-ஆம் குறளிலும், மழலையின் இனிமையை 66-ஆம் குறளிலும் வைத்தார். கையும் வாயும் பழகும் வகையில் குழந்தையைத் தானே உணவைத் தொட்டு உண்ணவிட வேண்டும் என்று இன்றைய குழந்தை மருத்துவர் அறிவுறுத்துவதைக் கேட்கும்போது, பாண்டியன் வீட்டுச் சோற்றுக்கலம் நினைவுக்கு வருகிறது.

ஆயினும், குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாக நின்று நோக்கியவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரே. கி.பி. 9-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவர், கண்ணனைக் குழந்தையாக வைத்துத் தாலாட்டினார், நிலவை அழைத்தார், செங்கீரை ஆடச் சொன்னார், கைகொட்டச் சொன்னார், தளர்நடை நடக்கச் சொன்னார். பால் உண்ண அழைத்தார். பூச்சி காட்டி விளையாடினார். தலைவாரும்போது காக்கையையும் கூவி அழைத்தார். பக்தி நூல் என்பது ஒருபுறமிருக்க, ஒரு தமிழ்த் தாயின் நாள்முழுதும் நடைபெறும் பேச்சு அத்தனையும் அங்கே பதிவாகி இருக்கிறது. தாய்ப்பாலைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'அம்மம்'. இது குழந்தைப் பேச்சு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வீடுகளில் 'மம்மம்', 'மம்மு' என்றுதானே சோற்றுக்குப் பெயர்! மகர பகரங்கள் இதழ் இயைந்து பிறப்பன என்று தொல்காப்பியம் கூறும். பால் பருகப் பழகிய அவ்விதழ்களுக்கு எளிதில் வரும் ஒலிகளையே கூட்டி, பசிக்கும் உணவுக்கும் முதற்சொற்களைத் தாய்மார் அமைத்துக் கொடுத்தனர்.

பின்வந்த புலவர்கள் இதனைப் பிள்ளைத்தமிழ் என்னும் தனி இலக்கியமாக வளர்த்தனர். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் பழைமையானது. பருவங்களுக்குத் திங்கள் கணக்கு, பாட்டியல் நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். எனினும் ஐந்தாம் திங்களை ஒட்டிச் செங்கீரை, ஒன்பதாம் திங்களை ஒட்டிக் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டை ஒட்டி நடந்து வரும் வருகை, ஒன்றரை ஆண்டை ஒட்டி அம்புலி என்று பொதுவாகக் கொள்ளலாம். செங்கீரை என்பதிலுள்ள 'கீர்' சொல்லைக் குறிக்கும், மழலை தொடங்கும் பருவமே அது என்று பொருள் கொள்வாரும் உளர்.

அம்புலிப் பருவம் பாடுவது அரிது என்பர். சாம பேத தான தண்டம் என்னும் நான்கு வழியாலும் நிலவை விளையாட அழைக்க வேண்டும். முற்றத்தில் நிலாக் காட்டிச் சோறூட்டும் தாயும் இதையேதான் செய்தாள். நிலவைப் புகழ்ந்தாள், கெஞ்சினாள், ஒரு கவளம் தருவதாக ஆசை காட்டினாள், வராவிடில் பேசமாட்டேன் என்று மிரட்டினாள். நிலவு வாய் திறப்பதில்லை. ஆதலால் அதற்கும் சேர்த்துத் தாயே பேச நேர்ந்தது. ஒவ்வொரு கவளத்திற்கும் இடையே குழந்தை அவள் முகத்தையும் வாயசைவையும் கண்டது. தானும் ஓர் ஒலியை மறுமொழியாகக் கொடுத்தது. இன்று சோற்றுவேளையில் குழந்தையின்முன் வைக்கப்படும் கைபேசியோ தானே பாடித் தானே பேசிவிடுகிறது. தாய் பேச வேண்டியதில்லை. குழந்தையும் விடைசொல்ல வேண்டியதில்லை. இரண்டும் பராக்குக் காட்டுதல்தானே என்று கூறுவோர் இவ்வேற்றுமையைக் காணத் தவறுகின்றனர்.

பழைமை எல்லாம் பொன் என்று நான் வாதிட வரவில்லை. பிறந்த சிசுவின் நாவில் சர்க்கரைநீரும் தேனும் தொட்டுவைக்கும் சேனை வழக்கமும், சீம்பாலைப் பிழிந்து கொட்டும் வழக்கமும் தீங்கானவை. ஓராண்டு நிரம்பும்வரை தேன் கூடாது. முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச்சோறு போன்ற இணையுணவு வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ முடிவு.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, ஊட்டமும் முன்பருவக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அங்கன்வாடி என்னும் அதன் பெயரிலுள்ள 'ஆங்கன்' என்ற இந்திச்சொல்லுக்கு முற்றம் என்று பொருள்.

தில்லி கரோல் பாக்கிலும் மும்பை மாட்டுங்காவிலும் வாழும் நம்மவர்க்கு அம்முற்றம் இல்லை; நான்காவது மாடியின் பால்கனி உண்டு. அண்டை வீட்டு அம்மையாரும் 'சந்தா மாமா' என்று அதே நிலவைத்தான் அழைக்கிறார். நம் அம்புலி மாமாவும் அவரும் ஒருவரே என்பதில் குழந்தைக்கு ஐயம் எதுவும் எழுவதில்லை. ஐயமெல்லாம் பெற்றோர்க்கே. வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்றால் பிள்ளை குழம்பிப் பேச்சே தாமதமாகும் என்று அஞ்சித் தமிழை நிறுத்திவிடும் வீடுகள் பல. இவ்வச்சம் ஒரு காலத்தில் கற்றோரிடமும் இருந்தது. 1962-இல் மாண்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் என்னும் இருவர், பத்து வயதுச் சிறுவர்களை ஆராய்ந்து, இருமொழியாளர் அறிவுச் சோதனைகளில் பின்தங்கவில்லை, முந்தியே நின்றனர் என்று காட்டினர். அதன்பின் வந்த ஆய்வுகள் அந்த முந்துதலைப் பற்றி மாறுபட்டாலும், பலமொழிச் சூழல் பேச்சைத் தடுப்பதில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன. ஒன்றரை ஆண்டாகியும் எம்மொழியிலும் ஒரு சொல்லும் வராத குழந்தையையும், கட்டியுணவை விழுங்க இடர்ப்படும் குழந்தையையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்காகத் தாய்மொழியை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டு வயதுப் பிள்ளை சோற்றுத்தட்டின்முன் அமர்ந்து, "அம்மா, பானி வேணும்" என்று கேட்கிறது. இது குழப்பமன்று, தெரிந்த சொற்களைக் கொண்டு வேண்டியதைப் பெறும் திறமை. திருத்தவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். "தண்ணி வேணுமா கண்ணு, இந்தா தண்ணி" என்று குவளையை நீட்டினால் போதும்.