ரூபாயின் சிக்கலும் கூலியாளின் வழக்கும்

நம் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைக் காணாதார் நம்மில் இலர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அதனை ஆக்குவித்தவன் விசித்திரசித்தன் என்னும் முதலாம் மகேந்திரவர்மன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. பாறையைக் குடைந்தோர் பெயர் அதில் இல்லை. நாட்டின் பொருளியல் கணக்கும் நெடுங்காலம் இவ்வாறே எழுதப்பட்டு வந்தது. அக்கணக்கில் உழைப்பாளியின் பக்கத்தை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர் ஆவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகத்தினின்று பிரான்சு நாட்டு மார்சேல் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. நம் கொல்லைகள் அன்றே உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டன. அப்பிணைப்பின் ஆதாயம் எவருக்கு, இழப்பு எவருக்கு என்பதே கேள்வி.

பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அண்ணல், 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியை அடைந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் மறு ஆண்டே தாயகம் திரும்ப நேர்ந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் கற்பித்துச் சேமித்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகாராசாவின் உதவியோடும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கு எழுதிய ஆய்வே 1923-இல் ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் ஆங்கில நூலாக வெளிவந்தது. அவர் கருத்தோடு உடன்படாத பேராசிரியர் எட்வின் கேனனே அதற்கு முன்னுரை வழங்கினார்.

அந்நாளில் நம் ரூபாய் வெள்ளி நாணயம். இங்கிலாந்தின் பணமோ பொன்னைச் சார்ந்தது. 1873-க்குப் பின் வெள்ளி விலை வீழவே, ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய் இருபதாண்டுகளில் 1 ஷில்லிங் 3 பென்சு அளவிற்கு இறங்கியது. ரூபாய் மலிந்தால் ஏற்றுமதி பெருகி நாடு செழிக்கும் என வாதிட்டோர் பலர். அண்ணல் அதனை மறுத்தார். விலை விரைந்து ஏறும். கூலி பின்தங்கியே ஏறும். எடுத்துக்காட்டாக, நாட்கூலி எட்டணாவிலேயே நிற்க, படி அரிசி நான்கணாவிலிருந்து ஐந்தணாவானால், இரண்டு படி வாங்கியவன் வீட்டில் உலை குறையும். ஏற்றுமதியாளரின் ஆதாயம் பெரிதும் அவ்வுலையிலிருந்து எடுக்கப்பட்டதே என்பது அவர் முடிவு. ரூபாய் வெளியீட்டிற்குச் சட்டத்தால் வரம்பிட வேண்டும் என்றும், 1925-இல் ஹில்டன் யங் ஆணைக்குழுவின் முன் தோன்றி, நாணய மாற்று விகிதம் எந்த வகுப்பாரை எவ்வாறு தாக்கும் என்றும் எடுத்துரைத்தார்.

அதே இலண்டன் பள்ளியில் பயின்ற கறுப்பினத்தவரான ஆர்தர் லூயிசு, வெப்பமண்டல நாடுகளின் ஏற்றுமதிப் பயிர்கள் ஏன் மலிவாக விற்கின்றன என ஆராய்ந்தார். உணவுப் பயிர் செய்யும் எளிய உழவரின் வருவாய் தாழ்ந்திருக்கும் வரை அவ்வேற்றுமதியின் கூலியும் தாழ்ந்தே நிற்கும் எனக் காட்டினார். 1979-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டிலும் நரேந்திர ஜாதவ், சுகதேவ் தோரட் போன்றோர் இத்துறையில் தடம் பதித்தனர்.

எனினும் இத்துறையில் நம்மவர் மிகச் சிலரே. வட்டி, வரி, ஏற்றுமதி, நாணய மதிப்பு ஆகியவற்றை முடிவு செய்யும் அவைகளில் நாம் இல்லையேல், நம் கூலியைப் பற்றிய கேள்வியை அங்கு எழுப்புவார் யார்? இளைஞர்களே! பொருளியலும் புள்ளியியலும் கற்பீர். ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதுவீர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம் இனி ஆற்ற வேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்றென உறுதி கொள்வோம்.