பத்தடி நீளம், ஏழடி அகலம்

இந்த எபிசோடை எங்க ஊர் கொத்தமங்கலத்துல, ஒரு பழைய வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல காக்கா கத்தினா பொறுத்துக்கங்க.

இந்த வீட்ல வளவைச் சுத்தி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. பர்மா, மலேயான்னு கொண்டுவிக்கப் போன செட்டியார்கள் கட்டின வீடுகள் இவை. பெரும்பாலும் மனைவியை ஊர்லயே விட்டுட்டுத்தான் கப்பல் ஏறினாங்க. ஆனா அதே காலத்துல கப்பல் ஏறின பெண்களும் இருந்தாங்க, கூலிகளா. 1879-லிருந்து 1916 வரைக்கும் சுமார் 60,000 பேர் ஃபிஜிக்குப் போனாங்க. 1903-லிருந்து சென்னை வழியாவும் ஆள் எடுத்தாங்க.

அங்கே அவங்க இருந்த இடத்துக்குப் பேரு ‘லைன்’. நீளமான கொட்டகை, அதுல வரிசையா அறைகள். ஒரு அறை பத்தடிக்கு ஏழடி. அதுல தனி ஆண்கள் மூணு பேர், இல்லைன்னா ஒரு குடும்பம். நடுத்தடுப்பு கூரை வரைக்கும் போகாது. மேல கம்பி வலைதான். பக்கத்து அறையில இருமினா இங்க கேட்கும். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணுங்கறது ஆள் எடுக்கிறதுக்கான விதி. அஞ்சு வருஷ ஒப்பந்தம், வேலைக்குப் போகலைன்னா அது குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். யார் எந்த வயல்ல வேலை செய்யணும்னு முடிவு பண்றது ஓவர்சியரும் சர்தாரும். இப்படி ஒரு டிசைனைக் கொண்டுவந்தா எந்த ரிவ்யூவிலயும் பாஸ் ஆகாது. ஒரே ஒருத்தர் கையில எல்லா அனுமதியும், புகார் சொல்லவும் அவர்கிட்டயேதான் போகணும்!

1912 ஏப்ரல்ல ரேவா பகுதியில குந்திங்கற பெண்ணை, மத்தவங்க இல்லாத ஒரு வாழைத் தோட்டத்துல தனியா களையெடுக்க அனுப்பினாங்க. ஓவர்சியர் அத்துமீற வந்ததும், அவங்க தப்பிச்சு ஓடி ஆத்துல குதிச்சாங்க. படகுல இருந்த ஒரு பையன் காப்பாத்தினான். அவங்க வாக்குமூலம் 1913-ல கல்கத்தாவோட ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில வந்ததும் இங்க பெரிய கொந்தளிப்பு. ஃபிஜி அதிகாரிகள் என்ன செஞ்சாங்க? விசாரிச்சுட்டு, அவங்க சொன்னதை நம்பாம, அவங்க நடத்தையைக் குறை சொன்னாங்க.

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். லைன்கள்ல நடந்த கொலைகள், தற்கொலைகளுக்கும் அதிகாரிகள் சொன்ன காரணம் பெண்களோட ஒழுக்கம், ஆண்களோட பொறாமை. அந்த விளக்கத்தைப் பின்னாடி கேள்வி கேட்டவர் வரலாற்றாய்வாளர் பிரிஜ் லால். அவரோட தாத்தாவும் ஒப்பந்தக் கூலிதான். ஆண்-பெண் கணக்கை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரலை. தனியா ஒரு வயலுக்கு அனுப்புற அதிகாரத்தை அந்தக் கணக்கு கொடுக்கலையே.

நம்ம பாரதியும் ஃபிஜி கரும்புத் தோட்டப் பெண்களைப் பத்திப் பாடியிருக்கார், தெரியும்தானே. 1915-ல ஆண்ட்ரூஸ், பியர்சன் ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பார்த்து அறிக்கை எழுதினாங்க. 1918-ல ஃப்ளாரன்ஸ் கார்ன்ஹாம்ங்கற பெண் போனாங்க. 1920 ஜனவரி 1-ம் தேதி, மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாச்சு.

அடுத்த எபிசோட்ல மலேயா ரப்பர் தோட்டத்து லயங்கள். உங்க வீட்ல அங்கிருந்து வந்த பழைய கடிதம் ஏதாவது இருந்தா, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.