ஒரு ஆட்டம், நாலு மறுபிறவி

ஒரே வீடியோ கேமை ஒரு கம்பெனி எத்தனை தடவை விக்கலாம்? புதுசா ஒரு கருவி சந்தைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் விக்கலாம் என்று காட்டியவர்கள் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனத்தார் (2003க்குப் பிறகு ஸ்கொயர் எனிக்ஸ்). அவர்களுடைய 'ஃபைனல் ஃபேண்டஸி' முதல் பாகம் 1987 டிசம்பர் 18ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்கு வந்தது. அதற்கப்புறம் கையடக்கக் கருவிகளில் மட்டும் அது எடுத்த பிறவிகளை எண்ணினால் தசாவதாரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல் :-)

அதில் முக்கியமான நாலை மட்டும் எடுத்து ஒப்பிடப் போறேன். எது அழகு, எது மலிவுங்கிற பஞ்சாயத்துக்கு நான் வரலை. பழைய ஒன்றைப் புதுப்பிக்கும்போது எதைத் திருத்தலாம், எதில் கை வைக்கக் கூடாது? இதுதான் கேள்வி. பழைய மென்பொருளைப் புதுசா எழுதுற ஆணி புடுங்குறவங்களுக்கு இது தினசரித் தலைவலி. கோயில் திருப்பணி பண்றவங்களுக்கும்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முன்கதைச் சுருக்கம்

நம்மூர்ப் பசங்களுக்கு வீடியோ கேம் என்றால் டிவியில் சொருகுற டூப்ளிகேட் பெட்டி. காண்ட்ரா, மாரியோ. இல்லைன்னா தீபத் திருவிழாக் கடைகளில் தொங்குற பிரிக் கேம். அந்த டூப்ளிகேட் பெட்டி ஃபேமிகாமோட நகல்தான். ஆனாலும் ஃபைனல் ஃபேண்டஸி நம்ம கைக்கு வந்து சேரலை. காண்ட்ராவை அரை மணி நேரத்தில் முடிச்சிடலாம். இது பல நாள் உக்காந்து ஆடுற ஆட்டம், நடுவில் சேமிக்கணும். அதற்குக் கேசட்டுக்குள்ள ஒரு குட்டி பேட்டரி வேணும். 'நூறு ஆட்டம் ஒரே கேசட்டில்' என்று விற்றவர்கள் பெரும்பாலும் அந்தச் செலவெல்லாம் பண்ணலை.

கதை ரொம்ப எளிமை. போர்வீரன், திருடன், கராத்தே வீரன், சிவப்பு, வெள்ளை, கறுப்பு மந்திரவாதிகள் என ஆறு தொழில்களிலிருந்து நாலு பேரை நாம் தேர்ந்தெடுக்கணும். மண், நெருப்பு, நீர், காற்று என நாலு படிகங்கள் ஒளியிழந்து கிடக்கு. காவல் இருக்கும் நாலு அரக்கர்களை ஜெயிச்சு ஒளியை மீட்கணும். இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. ஓவியம் யோஷிடாகா அமனோ, இசை நோபுவோ உவேமட்சு. நிரல் எழுதியவர் நசீர் ஜெபெல்லி. ஈரானில் பிறந்து, அமெரிக்காவில் ஆப்பிள் 2 கணினிக்கு ஆட்டங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். மொத்த ஆட்டமும் 256 கிலோபைட்தான். இன்னிக்கு செல்போன்ல எடுக்குற ஒரு போட்டோவே இதைப் போல பத்து மடங்கு இருக்கும்.

ஓட்டைகளும் பாரமும்

மூலத்தில் ஓட்டைகள் இருந்தன. சாதாரண ஓட்டை இல்லீங்க, பூசணிக்காய் சைஸ்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'அறிவு' என்று ஒரு எண் உண்டு. லெவல் ஏற ஏற அதுவும் ஏறும். திரையில் பெருமையாகக் காட்டும். ஆனால் மந்திரத்தின் சேதத்தைக் கணக்கிடும்போது நிரல் அந்த எண்ணை எடுத்துப் பார்ப்பதே இல்லை! அறிவாளி மந்திரவாதியும் மக்கு மந்திரவாதியும் போடுற நெருப்பு ஒண்ணுதான். டிராகனுக்கு எதிரான வாள் என்று ஒன்று இருக்கும். டிராகனை அதால் வெட்டினால் தனிப் பலன் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் 'அதிரடி வெட்டு' வாய்ப்பு தனித்தனியாகக் குறிச்சு வச்சிருக்காங்க. நிரலோ அதை விட்டுட்டு, ஆயுதப் பட்டியலில் அதோட வரிசை எண்ணை எடுத்துக்குது. தாக்கும் வலிமையைக் கூட்டும் டெம்பர், சேபர் மந்திரங்களை நம்ம ஆள் மேல் போட்டால் பலன் பூஜ்யம்.

இதெல்லாம் பிழை. சந்தேகமே இல்லை. எழுதினவங்க நினைச்சது ஒண்ணு, நிரல் செஞ்சது வேற.

இன்னொரு வகை விஷயங்களும் மூலத்தில் உண்டு. ஒரு எதிரியை ரெண்டு பேர் குறி வைச்சு, முதல் ஆளே அவனைக் கொன்னுட்டா, ரெண்டாவது ஆள் காற்றை வெட்டுவான். கடையில் மருந்து 50 வேணும்னா ஒவ்வொண்ணா 50 தடவை வாங்கணும். சத்திரத்தில் தூங்கினாலோ, வெளி வரைபடத்தில் கூடாரம் அடிச்சாலோதான் சேமிக்க முடியும். குகைக்குள்ள கிடையவே கிடையாது.

முக்கியமானது மந்திரக் கணக்கு. மந்திரங்கள் எட்டு படிகளாக இருக்கும். ஒவ்வொரு படிக்கும் 'இத்தனை தடவை' என்று தனிக் கணக்கு, அதிகபட்சம் 9. முதல் படியில் மிச்சமிருக்கிறதை ஐந்தாம் படிக்கு மாத்த முடியாது. அதனால் சின்ன மந்திரத்துக்கும் கடைசி வரை மரியாதை உண்டு. பெரிய மந்திரத்தை எங்கே செலவு பண்றது, எங்கே கையைக் கட்டிக்கிட்டு இருக்கிறது என்று யோசிச்சுக்கிட்டே நடக்கணும்.

எல்ஃப் ஊருக்குத் தெற்கே சதுப்புக் குகை என்று ஒன்று வரும். உள்ளே விஷப் பூச்சிகள். ஆழத்தில் ஒரு கிரீடம், அதைக் காக்க ஒரு கும்பல். கஷ்டப்பட்டு எடுத்தாச்சு. அப்புறம்? வந்த வழியே வெளியே நடக்கணும். மருந்து தீர்ந்திருக்கும், மந்திரமும் தீர்ந்திருக்கும். வாசலுக்குப் பத்தடி முன்னால் செத்தாலும் எல்லாம் போச்சு. அந்தத் திரும்பும் நடைதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பது என் கட்சி.

பிறவி 1: வொண்டர்ஸ்வான் கலர், 2000

கேம்பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் 1996ல் நின்டெண்டோவை விட்டு வெளியே வந்து வடிவமைச்ச கருவி வொண்டர்ஸ்வான். அவர் 1997ல் சாலை விபத்தில் இறந்துட்டார். பண்டாய் நிறுவனம் 1999ல் அதை வெளியிட்டுச்சு. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும். அதோட கலர் மாடல் 2000 டிசம்பர் 9ல் வந்தப்போ, அதே நாளில் கூடவே வந்தது ஃபைனல் ஃபேண்டஸி.

படங்கள் எல்லாம் புதுசு. சண்டைத் திரையின் பின்னணி முழுக்க இப்போ காடும் குகையும் வந்துச்சு. ஆனால் படிக்கணக்கு மந்திரம் அப்படியே இருந்தது. வெள்ளையடிச்சாங்க, சுவரை இடிக்கலை. இந்தப் பதிப்பு கடைசி வரைக்கும் ஜப்பானைத் தாண்டலை.

பிறவி 2: கேம்பாய் அட்வான்ஸ், 2004

'டான் ஆஃப் சோல்ஸ்' என்ற பெயரில் ரெண்டாம் பாகத்தோட சேர்த்து ஒரே கேசட்டில் வந்தது. 'அறிவு' எண் நிஜமாவே வேலை செஞ்சது. டெம்பரும் சேபரும் உயிர் பெற்றன. நல்ல காரியம்.

கூடவே படிக்கணக்கைத் தூக்கிட்டு, பொதுவான மந்திரப் புள்ளிகளைக் கொண்டு வந்தாங்க. ஒரே உண்டியல், எந்த மந்திரத்துக்கு வேணும்னாலும் எடுத்துச் செலவு பண்ணலாம். விளைவு? பெரிய மந்திரம் கைக்கு வந்ததும் சின்னது செத்துப் போச்சு. புள்ளி தீர்ந்தா குடிக்க ஈதர், ஆள் செத்தா எழுப்ப ஃபீனிக்ஸ் இறகு. லெவல் சீக்கிரம் ஏறுது. எங்கே வேணும்னாலும் சேமிக்கலாம். சதுப்புக் குகை பூங்கா மாதிரி ஆயிடுச்சு.

சும்மா சொல்லக் கூடாது, புதுசா நாலு குகைகள் கொடுத்தாங்க. மூணு முதல் ஆறாம் பாகம் வரை உள்ள பெரிய எதிரிகள் எல்லாம் அங்கே விருந்தாளியா வருவாங்க. ரசிகர்களுக்குத் தீபாவளி.

பெயர்களும் மாறின. 1990ல் வந்த அமெரிக்கப் பதிப்பில் நெருப்பு அரக்கியின் பெயர் 'கேரி'. ஆறு கை, பாம்பு உடம்பு. காளியைத்தான் அப்படி எழுதிட்டாங்க என்று ரசிகர்கள் பலர் சொல்றாங்க. ஜப்பான் மூலத்தில் அவள் பெயர் மாரிலித், இந்தப் பதிப்பில் அதுவே ஆங்கிலத்துக்கும் வந்துடுச்சு. 'மேன்கேட்' என்று பூனை மனுஷனாக்கப்பட்டிருந்த நம்ம ராட்சசன் மறுபடியும் 'ராக்ஷசா' ஆனான். (1990ல் வந்த மூணாம் பாகத்தில் சிவா என்ற பெயரில் ஒரு பனிப் பெண் வருவாள். அக்னித் தலத்துக்காரன் நான் இதுக்கு என்ன சொல்ல!)

பிறவி 3: பிஎஸ்பி, 2007

இருபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு. உள்ளே கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டமேதான், அகலத் திரைக்கு ஏத்த மாதிரி பளிச்சென்று வரைஞ்சிருந்தாங்க. 2010ல் ஐபோனுக்கும், 2015ல் ஜப்பானில் 3டிஎஸ்ஸுக்கும் போனது இந்த வம்சம்தான்.

புதுசா 'காலத்தின் புதிர்க்குகை' ஒன்று சேர்த்தாங்க. ஒவ்வொரு தளத்துக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கூடுதல் நேரம் வேணும்னா தாக்குதல், மந்திரம் மாதிரி உன் சக்திகளில் ஒன்றைப் பூட்டி வைக்கணும். கவனிச்சீங்களா? பாரத்தையெல்லாம் முன்வாசலில் இறக்கிட்டு, கொல்லைப்புறத்தில் தனிக் குகை கட்டி மறுபடி ஏத்துறாங்க. கஷ்டம் வேணும்னு ஆளுங்க கேக்குறாங்கன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

பிறவி 4: பிக்சல் ரீமாஸ்டர், 2021

கணினிக்கும் செல்போனுக்கும் வந்தது. 2023ல் ஸ்விட்சுக்கு. 1987ல் மூலத்துக்குப் புள்ளிப்படம் வரைஞ்ச கசுகோ ஷிபுயாவே இதற்கும் வேலை செஞ்சாங்க. உவேமட்சு மேற்பார்வையில் இசை புதுசாச்சு. முக்கியமான சேதி, படிக்கணக்கு மந்திரம் திரும்பி வந்தாச்சு! பின்னால் ஒட்டிய குகைகள் எல்லாம் அவுட். ஸ்விட்ச் பதிப்பில், வேணும்னா அனுபவப் புள்ளியை நாலு மடங்காக்கலாம், திடீர்ச் சண்டைகளையே நிறுத்தி வைக்கலாம். வேணாம்னா விட்டுடலாம்.

தீர்ப்பு

கையடக்கக் கருவிக்குன்னு ஒரு நியாயம் இருக்கு. வீட்டு டிவி முன்னால ரெண்டு மணி நேரம் உக்காரலாம். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போறவன் திண்டிவனத்தில் டீக்கு இறங்கணும். அவனிடம் 'குகையை முடிச்சுட்டுத்தான் சேமிக்கணும்'னு சொல்றது அக்கிரமம். சரி. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இடைநிறுத்தச் சேமிப்பு. நிறுத்தின இடத்தில் தொடரலாம், தொடர்ந்ததும் அந்தச் சேமிப்பு அழிஞ்சிடும். பயணமும் கெடாது, பயமும் கெடாது. கேம்பாய் அட்வான்ஸில் அது போதுமாக இருந்திருக்கும். முழுச் சேமிப்பைக் கொடுத்து பயத்தையே எடுத்துட்டாங்க.

எங்க ஊர்ல கிரிவலம் 14 கிலோமீட்டர். நடந்தும் சுத்தலாம், ஆட்டோவிலும் சுத்தலாம். முடியாதவங்க ஆட்டோவில் போறதை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. பாதையில் குழி இருந்தா மூடணும், லைட் எரியலைன்னா போடணும். அதுதான் பிழை திருத்தம். ஆனால் 'நடக்கிறது கஷ்டமா இருக்கு, பாதையை 4 கிலோமீட்டராச் சுருக்கிட்டோம்'னு ஒருத்தர் சொன்னால் அது கிரிவலமா? கேம்பாய் அட்வான்ஸ் பாதையைச் சுருக்குச்சு. பிக்சல் ரீமாஸ்டர் குழியை மூடி, ஓரமா ஆட்டோவும் விட்டுச்சு. அதனால் என் ஓட்டு அதுக்குத்தான்.

ஒரே ஒரு உறுத்தல். தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல் வீசிக் கல்லைச் சுத்தம் பண்ணி, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கதை உங்களுக்குத் தெரியும். மென்பொருளுக்கு அந்த ஆபத்து இல்லை, பழைய பிரதி அப்படியே இருக்கும்னு நாம நினைக்கிறோம். வொண்டர்ஸ்வான் பதிப்பு பழைய கேசட்டுகளில் மட்டும்தான் இருக்கு. நின்டெண்டோவின் 3டிஎஸ் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிட்டாங்க, அந்தப் பதிப்பை இனி வாங்க முடியாது. கேம்பாய் அட்வான்ஸின் நாலு குகைகள் பிக்சல் ரீமாஸ்டரில் இல்லை. கடைசியா விற்பனையில் இருக்கிற பதிப்புதான் மூலம்னு அடுத்த தலைமுறை நம்பும். எவ்வளவு நேர்மையான புதுப்பிப்பா இருந்தாலும், பழையதைப் பக்கத்தில் வச்சுப் பார்க்க வழி இல்லைன்னா அது நேர்மையா இல்லையான்னே நமக்குத் தெரியாமப் போயிடும். ஒவ்வொரு பதிப்பையும் எங்கேயாவது ஒரு நூலகம் பத்திரமா வைக்கணும்னு நான் கேக்குறது அதுக்குத்தான்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: செல்போனில் பிக்சல் ரீமாஸ்டர் போதும். ஒரு வெள்ளை மந்திரவாதியைக் கண்டிப்பா கூட்டிக்கிட்டுப் போங்க. சதுப்புக் குகைக்கு முன்னால் விஷமுறிவு மருந்து நிறைய வாங்கிக்குங்க. இப்பல்லாம் மொத்தமா வாங்கலாம், அந்தத் திருத்தத்துக்கு மட்டும் நான் எதிர்ப்பே சொல்ல மாட்டேன் :-)

உங்க ஓட்டு எந்தப் பிறவிக்கு? சொல்லிட்டுப் போங்க மக்களே.