பசுமை வேலைகள் சட்டம், 2007 (ஐக்கிய அமெரிக்கா)

பசுமை வேலைகள் சட்டம் என்பது ஆற்றல் சேமிப்பு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகிய துறைகளில் தொழிலாளர்களுக்குப் பொது நிதியில் பயிற்சி அளிப்பதற்காக ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் ஆகும். இது தனிச் சட்டமாக அன்றி, 2007 ஆம் ஆண்டின் ஆற்றல் சுதந்திரம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதியாக நிறைவேறியது. அச்சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் டிசம்பர் 19, 2007 அன்று கையொப்பமிட்டார். வறுமையில் உள்ளோருக்கெனப் பயிற்சி நிதியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கியது இதன் சிறப்புக்கூறு ஆகும்.

பின்னணி

சூரிய மின்தகடுகளைப் பொருத்துதல், வீடுகளுக்கு வெப்பக் காப்பிடுதல் போன்ற பணிகளை அந்தந்த ஊரிலேயே செய்தாக வேண்டும். வெளிநாட்டிற்கு மாற்ற இயலாது. பட்டப்படிப்பு இல்லாதோரும் குறுகிய காலப் பயிற்சியில் இவற்றைக் கற்கலாம். எனவே சூழல் பாதுகாப்பையும் வறுமை ஒழிப்பையும் இணைக்கும் வழியாக இவ்வேலைகள் கருதப்பட்டன. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த வான் ஜோன்ஸ் இக்கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். சார்பாளர் அவையில் ஹில்டா சோலிஸ், ஜோன் டியர்னி ஆகியோரும், செனட் அவையில் பெர்னி சாண்டர்ஸ், ஹிலாரி கிளிண்டன் ஆகியோரும் இதனை முன்னெடுத்தனர்.

சட்டத்தின் கூறுகள்

இச்சட்டம் 1998 ஆம் ஆண்டின் பணியாளர் முதலீட்டுச் சட்டத்தைத் திருத்தி, ஆண்டுக்கு 125 மில்லியன் டாலர் வரை செலவிட அனுமதித்தது. நிதி பின்வருமாறு பகுக்கப்பட்டது:

* தேசியக் கூட்டமைப்புகளின் பயிற்சி - 30%
* மாநிலக் கூட்டமைப்புகளின் பயிற்சி - 30%
* 'வறுமையிலிருந்து வெளியேறும் பாதைகள்' திட்டம் - 20%
* தொழிற்சந்தை ஆய்வு - 20% வரை

முன்னாள் படைவீரர்கள், ஆற்றல் மற்றும் சூழல் கொள்கைகளால் வேலை இழந்தோர், வறுமையிலிருந்து வெளியேற முயல்வோர், வழிதவறும் நிலையிலுள்ள இளைஞர்கள், வன்முறையற்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று மீண்டோர் ஆகியோர் பயிற்சிக்கு உரியோராகக் குறிப்பிடப்பட்டனர்.

நிதி ஒதுக்கீடு

அமெரிக்க நடைமுறையில் செலவிட அனுமதி அளிப்பதும் நிதி ஒதுக்குவதும் வெவ்வேறு படிகள் ஆகும். அனுமதி கிடைத்தும் 2008 இல் இத்திட்டத்திற்கு நிதி ஒதுக்கப்படவில்லை. பெப்ரவரி 2009 இல் பராக் ஒபாமா கையொப்பமிட்ட பொருளாதார மீட்புச் சட்டமே முதன்முறையாக 500 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அதே மாதம் தொழிலாளர் துறைச் செயலாளராகப் பதவியேற்ற ஹில்டா சோலிஸ், தாம் எழுதிய சட்டத்தைத் தாமே நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஏற்றார். சனவரி 2010 இல் வறுமைப் பாதைகள் திட்டத்திற்கு மட்டும் 38 நல்கைகளாக ஏறத்தாழ 150 மில்லியன் டாலர் அறிவிக்கப்பட்டது.

விளைவுகள்

தொழிலாளர் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் செப்டம்பர் 2011 இல் வெளியிட்ட அறிக்கை, அவ்வாண்டு சூன் முடிய உள்ள நிலையைப் பின்வருமாறு காட்டியது:

* பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தோர் - 52,762 (இலக்கு 124,893)
* வேலை பெற்றோர் - 8,035 (இலக்கு 79,854)
* ஆறு மாதங்களுக்கு மேல் வேலையில் நீடித்தோர் - 1,336

இவை திட்டத்தின் இடைக்காலக் கணக்குகளே. அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2013 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வேலை பெற்றோர் எண்ணிக்கை இலக்கில் 55% ஆக உயர்ந்திருந்தது.

விமர்சனங்கள்

வேலைகள் உருவாகும் முன்னரே பயிற்சி தொடங்கியது என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். அக்டோபர் 2009 இல் நாட்டின் வேலையின்மை வீதம் 10% ஆக இருந்தது. கட்டுமானத் துறை முடங்கியிருந்தது. மீட்பு நிதியை விரைந்து செலவிட வேண்டியிருந்ததால், 'பசுமை வேலை' எது என்று வரையறுக்கும் ஆய்வும் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தன. அதனால் ஆய்வின் முடிவுகள் பயிற்சியைத் திட்டமிடுவதற்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. தச்சு, மின்பணி போன்ற வழக்கமான தொழில்களுடன் சில பசுமைத் திறன்களைச் சேர்த்துக் கற்பித்தலே பெரும்பாலும் நிகழ்ந்தது.

ஏழை வீடுகளைச் செப்பனிட்டு ஆற்றல் சேமிக்கும் திட்டத்திற்கு மீட்புச் சட்டம் வழங்கிய 5 பில்லியன் டாலர், பயிற்சி பெற்றோருக்கு வேலை தந்திருக்கக்கூடியது. ஆயினும் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் உரிய கூலி வீதங்களை நிர்ணயிப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் 2009 இல் அப்பணிகள் மெதுவாகவே நகர்ந்தன. பயிற்சி முடித்தும் வேலை கிடைக்காமை, சேமிப்பு இல்லாத வறியோரையே கூடுதலாகப் பாதிக்கக்கூடியது.

பின்னைய நிலை

பணியாளர் முதலீட்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2014 இல் புதிய சட்டம் வந்தது. பசுமை வேலைகளைக் கணக்கிடும் பணியைத் தொழிலாளர் புள்ளியியல் செயலகம் 2013 இல் கைவிட்டது. 2022 ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் வேறு வழியைப் பின்பற்றியது: வட்டாரத்தில் வழங்கும் கூலியைக் கொடுத்து, தொழில் பழகுநர்களையும் அமர்த்தும் பெரிய ஆற்றல் திட்டங்களுக்கு ஐந்து மடங்கு வரிச்சலுகை அளித்தது. இம்முறையில் வேலை முன்னரும் பயிற்சி அதனுடனும் அமைகின்றன. எனினும் சூலை 2025 இல் இயற்றப்பட்ட சட்டம் காற்றாலை, சூரிய ஆற்றல் திட்டங்களுக்கான வரிச்சலுகைகளின் காலத்தைச் சுருக்கியது.

இவற்றையும் பார்க்கவும்

* புதுப்பிக்கத்தக்க ஆற்றல்
* தொழிற்பயிற்சி
* வேலையின்மை