'த' இல்லாத ஒரு வரி

போன வாரம் தரம் 10 பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் படிப்பிப்பது தமிழும் வரலாறும். ஆங்கில ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனதால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பாடமும் என் தலையில். ஒரு மாணவன் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். 'த' வரவேண்டிய இடம் பதினொன்று. ஒன்றில்கூடப் போடவில்லை. பதினொரு இடத்திலும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சேர், இந்த 'த' இல்லாட்டி என்ன சேர்? நான் எழுதினது உங்களுக்கு விளங்கினதுதானே?"

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் விளங்கியது உண்மை. அந்த இடத்தில் அவனுக்குச் சொன்ன பதிலையும், வீட்டுக்கு வந்தபின் திரும்ப வாசித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

1967 ஜூன் 5 ஆம் திகதி தொடங்கி 10 ஆம் திகதி முடிந்த ஆறு நாள் யுத்தம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு நாட்களில் எகிப்திடமிருந்து சினாயும் காஸாவும், ஜோர்தானிடமிருந்து மேற்குக் கரையும் கிழக்கு ஜெரூஸலமும், சிரியாவிடமிருந்து கோலான் குன்றுகளும் இஸ்ரேலின் கைக்குப் போயின. அடுத்து என்ன செய்வது என்று ஐக்கிய நாடுகள் சபையில் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் நவம்பர் 22 ஆம் திகதி பாதுகாப்புச் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அதுதான் 242 ஆம் இலக்கத் தீர்மானம். எழுதியது பிரித்தானியா. முன்வைத்தவர் கரடன் பிரபு, இளம் வயதில் பலஸ்தீனில் பிரித்தானிய அதிகாரியாக வேலை செய்தவர். பதினைந்து உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களித்தார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே பக்கம் கை உயர்த்திய அபூர்வமான நாள்.

இஸ்ரேலியப் படைகள் எங்கிருந்து வெளியேற வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. அண்மைய மோதலில் கைப்பற்றப்பட்ட பிரதேசங்களிலிருந்து. இவ்வளவுதான். தமிழில் வாசிக்கும்போது எந்தச் சிக்கலும் தெரியாது.

ஆங்கிலத்தில் 'பிரதேசங்கள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'த' இல்லை. 'எல்லா' என்ற சொல்லும் இல்லை. வெறும் 'தெரிட்டரீஸ்'.

'த தெரிட்டரீஸ்' என்று இருந்திருந்தால், கைப்பற்றப்பட்ட அந்தப் பிரதேசங்கள், அதாவது முழுவதும். 'த' இல்லாவிட்டால்? ஆங்கில இலக்கணப்படி இரண்டு விதமாகவும் எடுக்கலாம். கைப்பற்றப்பட்டவை என்ற வகை முழுவதையும் குறிக்கலாம். எவை, எத்தனை என்று சொல்லாமல் விட்டதாகவும் எடுக்கலாம். இரண்டாவது வாசிப்பைத்தான் இஸ்ரேல் பிடித்துக்கொண்டது: "பிரதேசங்களிலிருந்து என்றுதான் இருக்கிறது, எல்லாப் பிரதேசங்களிலிருந்தும் என்று இல்லையே."

இங்கேதான் பிரெஞ்சு மொழி வருகிறது. அன்றைக்குப் பாதுகாப்புச் சபையின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். பிரெஞ்சுப் பிரதியில் அதே இடத்தில் 'டி-ஈ-எஸ்' என்ற மூன்றெழுத்துச் சொல் இருக்கிறது. 'இருந்து' என்ற பொருள்தரும் சொல்லும் 'த' வுக்குச் சமமான பன்மைச் சொல்லும் புணர்ந்து உண்டான சொல் அது. நம்முடைய புணர்ச்சி இலக்கணம் மாதிரித்தான். சொல்லாமல் விட வேண்டுமென்றால் கடைசி 'எஸ்' ஐ எடுத்துவிட்டு 'டி-ஈ' என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆகவே பிரெஞ்சில் வாசிப்பவருக்கு அது 'அந்தப் பிரதேசங்களிலிருந்து'. பிரான்சின் பிரதிநிதி அன்றே சபையில் எழுந்து, ஆங்கிலத்துக்குச் சமமான அதிகாரம் உள்ள பிரெஞ்சுப் பிரதியில் எந்த மயக்கமும் இல்லை என்று சொல்லிவிட்டார். மறுபக்கத்தின் பதில் என்ன தெரியுமா? தீர்மானம் ஆங்கிலத்தில் எழுதிப் பேசி முடிக்கப்பட்டது, பிரெஞ்சு வெறும் மொழிபெயர்ப்பு என்பதுதான்.

மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். 'கிதாபுன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம், 'அல்கிதாபு' என்றால் அந்தப் புத்தகம். நகிரா, மஃரிபா என்று மனனமிட்ட பாடம். அறபில் இந்த வரியைச் சொல்பவர் 'மினல் அராழீ' என்பதா, 'அல்' இல்லாமல் சொல்வதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். நழுவ முடியாது. ஆனால் யாருடைய நிலத்தைப் பற்றிய பேச்சோ, அவர்களுடைய அறபு மொழி 1967 இல் பாதுகாப்புச் சபையின் மொழியாக இருக்கவில்லை. அது 1982 இல்தான் வந்தது. அப்போது தீர்மானத்துக்குப் பதினைந்து வயது.

ரஷ்ய மொழியில் 'த' வும் இல்லை, 'அல்' லும் இல்லை. அந்த விஷயத்தில் அது தமிழின் சொந்தக்காரன்.

தமிழில் 'த' இல்லை என்பதால் தமிழன் குறிப்பாகப் பேச முடியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். "ஒரு கொப்பி கொண்டு வா" என்று சொல்ல 'ஒரு' இருக்கிறது, சுட்டிச் சொல்ல 'அந்த' இருக்கிறது. இவை இரண்டும் இல்லாமலே இன்னொரு வழியும் உண்டு. "கொப்பி கொண்டு வா" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ஏதாவதொரு கொப்பியோடு வருவான். "கொப்பியைக் கொண்டு வா" என்றால் எந்தக் கொப்பி என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்கிற வேலைதான் அது. (அஃறிணையில் மட்டும். "பிள்ளையைக் கூப்பிடு" என்பதில் 'ஐ' எப்படியும் வரும்.) பரீட்சைக்கு உருபின் பெயரைப் பாடமாக்க வைக்கிறோம், இந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பதில்லை. என் மேலும் குற்றம் இருக்கிறது.

ஆனால் 'ஐ' யின் உதவி செயப்படுபொருளுக்கு மட்டும்தான். 'கொப்பியிலிருந்து' என்று வந்துவிட்டால் எந்தக் கொப்பி என்று உருபு சொல்லாது. 'பிரதேசங்களிலிருந்து' என்பதும் அப்படித்தான். 242 இன் சண்டை முழுவதும் தமிழுக்கு வரும்போது அந்த 'இருந்து' வுக்குள் காணாமல் போகிறது. நம்முடைய பத்திரிகைகளில் இத்தனை வருடமாக வாசித்தும் பலருக்கு இது தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, வட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு கதை. கடைசி நேரத்தில் யாரோ 'த' வைக் களவாக எடுத்துவிட்டார்கள், அறபு நாடுகள் கவனிக்காமல் ஏமாந்துவிட்டன என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுவல்ல. 'த' இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இந்தியா, மாலி, நைஜீரியா மூன்றும் சேர்ந்து முன்வைத்த வரைவில் 'எல்லா' என்பதும் இருந்தது, 'த' வும் இருந்தது. சோவியத் யூனியன் ஜூன் 5 க்கு முந்திய நிலைகளுக்குத் திரும்ப வேண்டும் என்று வரைவு கொண்டுவந்தது. இவை எதுவும் தேவையான ஆதரவோடு நிறைவேறும் நிலை இருக்கவில்லை. 'எல்லா' என்று எழுதினால் அமெரிக்கா வராது. 'சில' என்று எழுதினால் சோவியத்தும் இந்தியாவும் வராது. இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கக்கூடிய ஒரே வரி, இரண்டையும் சொல்லாத வரி. அதைத்தான் கரடன் எழுதினார். ஜூன் 4 ஆம் திகதி இருந்த கோடு செயற்கையானது, அதற்கே திரும்பும்படி கேட்பது பிழையாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவரே விளக்கமும் சொன்னார்.

வாக்கெடுப்பு நாளில் இந்தியப் பிரதிநிதி எழுந்து, கைப்பற்றிய எல்லாப் பிரதேசங்களிலிருந்தும் முழுமையாக வெளியேறுவது என்ற விளக்கத்தோடுதான் ஆதரிக்கிறோம் என்று பதிவு செய்தார். அவர் ஜி. பார்த்தசாரதி. பெயர் பழக்கமாக இருக்கிறதா? 1983 ஜூலைக்குப் பிறகு இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்புக்கு வந்துபோனாரே, 'இணைப்பு சி' என்ற ஆவணத்தோடு நாம் நினைவு வைத்திருக்கிறோமே, அதே மனிதர். சென்னைக்காரர். தாய்மொழியில் 'த' இல்லாத ஒருவர் 'த' வுக்காக எழுந்து நின்றார் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். இஸ்ரேலின் அபா எபான் அதற்குப் பதில் சொல்லும்போது, எழுதியிருப்பது மட்டுமே தங்களைக் கட்டுப்படுத்தும், மற்றவர்களின் விளக்கம் அல்ல என்ற தோரணையில் நின்றார்.

யாருடைய வாதம் பலமானது? நான் சட்டத்தரணி இல்லை. தமிழ் வாத்தியார் என்ற முறையில் வாக்கியத்தை மட்டும் பார்க்கிறேன்.

இஸ்ரேல் பக்கத்துக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அடுத்த வரியிலேயே, போர்நிலைக்கான உரிமைகோரல்கள் 'எல்லாம்' முடிவுக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. 'எல்லாம்' தேவைப்பட்ட இடத்தில் எழுதத் தெரிந்தவர்கள், முன் வரியில் எழுதவில்லை என்றால் வேண்டுமென்றே விட்டார்கள் என்றுதானே பொருள்? மறுக்க முடியாத கேள்வி.

ஆனால் அதே வெளியேறுதல் வரியில் 'இஸ்ரேலியப் படைகள்' என்பதற்கு முன்னாலும் 'த' இல்லை. 'எல்லா' வும் இல்லை. அப்படியென்றால் சில படைகள் வெளியேறினால் போதும், மிச்சப் படை அங்கேயே இருக்கலாம் என்று யாராவது வாதாடினார்களா? இல்லை. ஒரு வரியில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒரு நியாயம், பக்கத்துப் பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு நியாயம். ஒரு கட்டடத்தின் வாசலில் 'சப்பாத்துகள் வெளியே வைக்கப்பட வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது 'த' போடுவதில்லை. ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதோடு உள்ளே போகிறவனை நான் கண்டதில்லை. அதோடு, யுத்தத்தால் நிலத்தைச் சேர்த்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்ற கருத்து தீர்மானத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும் வாசலிலேயே அது எழுதியிருக்கும்போது, உள்ளே ஒரு அறைக்குள் எதிர்ப்பொருள் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கவனித்த இன்னொன்று, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. அந்த வரியில் முற்றுவினை இல்லை. 'வெளியேற வேண்டும்' என்று இல்லை, 'வெளியேறுதல்' என்ற பெயர்ச்சொல்தான் இருக்கிறது. ஓ.எல். பிள்ளைகள் சொல்லுங்கள்: தொழிற்பெயர் காலம் காட்டுமா? காட்டாது. யார் வெளியேறுவது என்று இருக்கிறது. எப்போது என்று இல்லை. முதலில் வெளியேறி, பிறகு சமாதானமா? சமாதானம் வந்தபின் வெளியேறுதலா? அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு பேச்சுவார்த்தை மேசையிலும் முதலில் எழும் கேள்வி இது. மூன்று நாடுகளின் வரைவிலோ வினைச்சொல் இருந்தது.

'அகதிகள் பிரச்சினை' க்கு நீதியான தீர்வு வேண்டும் என்றும் தீர்மானம் சொல்கிறது. எந்த அகதிகள்? ஆறாம் வேற்றுமை இல்லை, அடைமொழி இல்லை. 'பலஸ்தீன்' என்ற சொல் தீர்மானம் முழுவதிலும் ஓரிடத்திலும் இல்லை. 'த' விடுபட்டது பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஒரு மக்களின் பெயரே விடுபட்டது பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1973 யுத்தத்தில் வந்த 338 ஆம் தீர்மானம், 242 ஐ அப்படியே நடைமுறைப்படுத்துங்கள் என்றது. 1979 இல் எகிப்து இஸ்ரேலுடன் ஒப்பந்தம் செய்தது, 1982 ஏப்ரலில் சினாய் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பியது. சினாய் சுமார் 60,000 சதுர கிலோமீற்றர், கிட்டத்தட்ட நம் நாட்டளவு. அப்போது புதியதொரு கணக்கு வந்தது: கைப்பற்றியதில் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்தாயிற்று, 'பிரதேசங்களிலிருந்து' வெளியேறியாயிற்று, தீர்மானம் நிறைவேறிவிட்டது. மிச்சமிருந்த பத்தில் ஒன்றில்தான் மேற்குக் கரையும் காஸாவும் இருந்தன. காஸா 365 சதுர கிலோமீற்றர், கொழும்பு மாவட்டத்தில் பாதியளவு. பலஸ்தீன விடுதலை இயக்கம் 1988 இல் 242 ஐ ஏற்றது. 1993 ஒஸ்லோ உடன்பாடும் அதையே அடிப்படையாக வைத்தது. ஒவ்வொரு முறையும் அந்த வரி 'த' இல்லாமலே அடுத்த ஆவணத்துக்குக் கடந்து போனது.

ஒரு 'த' இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது படை, இலக்கணம் அல்ல. 'த' இருந்திருந்தால் தீர்மானமே நிறைவேறாமல் போயிருக்கவும் கூடும்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. நேற்று அடுத்த கட்டுரையைக் கொண்டுவந்து தந்தான். இந்த முறை எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் 'த' போட்டிருக்கிறான். அவனுடைய உம்மாவின் பெயருக்கு முன்னாலும்கூட.

மறுபடி சிவப்புப் பேனையை எடுத்தேன்.